முப்பது நாள் ஊறிய கல்

கோயமுத்தூரில் எண்ணெய்க் கிணறு எங்கே இருக்கிறது என்று என் சம்பந்தியம்மா இன்றைக்கும் கேட்கிறார். "நீங்க எண்ணெய் லேப்புல இருந்தீங்கன்னாங்களே, செக்குங்களா?" என்பார். ஆமாங்க என்று சொல்லிவிடுவேன். இல்லை என்றால் விளக்க வேண்டும். விளக்க வேண்டுமென்றால் பேச வேண்டும். நாலு பேர் இருக்கிற இடத்தில் என் பேரைக் கேட்டாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அஞ்சாவது வரைக்கும் படித்ததில் எழுத்து ஒன்றுதான் மிச்சம். அதனால் எழுதுகிறேன்.

எழுதச் சொன்னது நித்யா. இப்போது அந்த லேப்பில் நான் பார்த்த வேலையைப் பார்க்கிறாள். போன மாதம் போன் செய்தாள். புதுசாக ஒரு மெஷின் வந்திருக்கிறதாம். கல்லை உள்ளே வைத்தால் அதன் வயிற்றில் எண்ணெய் எங்கே, தண்ணீர் எங்கே என்று கலர் கலராகத் திரையில் காட்டுகிறதாம்.

"அக்கா, மெஷின் ஒண்ணு சொல்லுது, எங்க அளவுக் குழாய் ஒண்ணு சொல்லுது. கல்லை ஊறப்போடறதுல ஏதோ தப்பு நடக்குதுன்னு நெனைக்கறேன். உங்க காலத்துல எப்படிச் செஞ்சீங்கன்னு எழுதிக் குடுங்களேன்."

மெஷின் வாங்கியிருக்கிறார்கள், நல்லது. கல்லுக்குள்ளே நடப்பது தெரியும். கல்லுக்கு வெளியே நடப்பதைக் காட்ட இன்னும் மெஷின் வரவில்லை. அதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

பீளமேட்டுக்கு அந்தப் பக்கம் மோட்டார் பம்பு செய்து பெருத்த முதலாளி ஒருவர் இருந்தார். தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் இறைக்க பம்பு விற்றவருக்கு, பூமிக்கடியில் எண்ணெய் இறைக்கிறவர்களுக்கும் விற்றால் என்ன என்று தோன்றியது. விற்க வேண்டுமென்றால் சோதித்துக் காட்ட வேண்டுமாம். சோதிக்க ஒரு கொட்டகை போட்டார். கொட்டகைக்கு ஏ.சி. வைத்ததும் லேப் ஆயிற்று. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த டாக்டர் சார் ஒருவரைக் கொண்டுவந்து உட்காரவைத்ததும் ஆராய்ச்சி ஆயிற்று. அவர் கோபிசெட்டிபாளையத்துக்காரர். எங்கள் தெருவில் ஒருத்தி டாக்டர் என்று கேட்டுவிட்டு முட்டிவலிக்கு மருந்து கேட்டு வரச் சொன்னாள்.

நான் கண்ணாடிச் சாமான் கழுவப் போனேன். முதல் ஆறு மாதத்தில் பதினொரு சாமானை உடைத்தேன். பன்னிரண்டாவதை உடைக்காததால் கல் கழுவும் வேலைக்கு ஏற்றினார்கள். என் படிப்பு, பயிற்சி எல்லாம் அவ்வளவுதான்.

கல் என்றால் கட்டைவிரலைவிடப் பெரிசு, மணிக்கட்டைவிடச் சின்னது. உருளை உருளையாக மரப்பெட்டியில் வரும். எங்கேயோ பாலைவனத்தில் பூமிக்குள்ளே ரொம்ப ஆழத்தில் குடைந்து எடுத்த சுண்ணாம்புக் கல். அதற்குள் இருக்கிற எண்ணெய் நாம் தலைக்கு வைக்கிற எண்ணெய் மாதிரி ஓடாது. ஆறின வெல்லப்பாகு மாதிரி நிற்கும். இது ஒரு தொந்தரவு. சுண்ணாம்புக் கல்லோ எண்ணெயை ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். இது ரெண்டாவது தொந்தரவு. கல்லுக்குள் வெடிப்பு வேறு இருக்கும். தண்ணீரை உள்ளே தள்ளினால் வெடிப்பு வழியாகவே ஓடி அந்தப் பக்கம் வந்துவிடும், எண்ணெய் இருந்த இடத்திலேயே இருக்கும். இது மூணாவது.

இந்த மூணு தொந்தரவுக்கும் உலகத்தில் இருக்கிற வைத்தியமெல்லாம் எங்கள் கொட்டகைக்கு வந்துபோயிற்று. முதலில் வெந்நீர் வைத்தியம். அப்புறம் ஆவி வைத்தியம், இட்டிலி வேகவைக்கிற மாதிரி. அப்புறம் சோடாவில் அடைக்கிற கேஸ். அப்புறம் உப்புக் கம்மியான தண்ணீர். ஒருமுறை ஆசிட் விட்டார்கள், கல் ஈனோ போட்ட மாதிரிப் பொங்கிவிட்டு ஓட்டையாகிப் போயிற்று. ஒவ்வொரு வைத்தியம் வரும்போதும் டாக்டர் சார், "இதுதானுங்க எதிர்காலம்" என்பார். நான் இருந்தவரையில் அஞ்சு எதிர்காலம் கடந்துபோனது.

வைத்தியம் எதுவானாலும் என் வேலை ஒன்றுதான். நித்யா, இதைக் கவனமாகப் படி. வந்த கல்லை டொலுவினில், பெயிண்ட் தின்னர் மாதிரி நாறுகிற ஒரு திரவத்தில், பழைய எண்ணெய் போகக் கழுவ வேண்டும். கீழே டொலுவின் கொதிக்கும், மேலே ஏறி, குளிர்ந்து, சொட்டுச் சொட்டாகக் கல்லின் மேல் விழும். முதல் நாள் சொட்டு காப்பி மாதிரி வரும், நாலாம் நாள் டீ மாதிரி, பத்தாம் நாள் தண்ணீர் மாதிரி. தண்ணீர் மாதிரி வந்ததும் நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். நான் இன்னும் ஒரு நாள் விடுவேன். அப்புறம் உப்பு போக ஒரு கழுவல், உலர்த்தல், எடை போடல். பிறகு உப்புத் தண்ணீர் ஏற்றி, சூடாக்கின எண்ணெயை ஏற்றி, எண்ணெய் நிறைந்த ஸ்டீல் டப்பாவில் கல்லை முக்கி, மூடியை முடுக்கி, ஓவனுக்குள் வைத்து முப்பது நாள் ஊறப்போட வேண்டும்.

முப்பது நாள் எதற்கு? தோசைக்கல்லை நினைத்துக்கொள். கடையில் வாங்கின அன்றைக்குத் தண்ணீர் தெளித்தால் அப்படியே பரவும். நாலு வாரம் எண்ணெயில் பழகின கல்லில் தெளித்தால் முத்து முத்தாக உருண்டு ஓடும். பூமிக்குள் இருக்கிற சுண்ணாம்புக் கல், பழகின தோசைக்கல். நாம் கழுவி எடுத்தது, கடைக் கல். கடைக் கல்லில் எண்ணெய் ஒட்டாது, தண்ணீரைத் தள்ளினால் எண்ணெய் தானாகக் கொட்டும். அதைப் பார்த்துவிட்டு பூமிக்குள்ளும் இப்படித்தான் கொட்டும் என்று சொல்லக் கூடாது. மறுபடி பழக்கிவிட்டுத்தான் வைத்தியம் பார்க்க வேண்டும்.

எந்த டப்பா எந்த நாள் உள்ளே போயிற்று என்று எழுதிவைக்க வேண்டுமில்லையா. எனக்கு இங்கிலீஷ் வராது. பேனாவால் டப்பாவில் எழுதினால் எண்ணெய் பட்டு அழிந்துபோகும். அதனால் லேப் சுவரில் தொங்கின தினசரி காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, டப்பாக் கைப்பிடியில் கம்பி போட்டுக் கட்டிவிடுவேன். தேதி, கிழமை, நல்ல நேரம், ராசிபலன் எல்லாம் அதிலேயே இருக்கும். மற்ற நாள் தாள்களைக் கம்பியில் குத்தி வைத்திருப்பேன், கை துடைக்க ஆகும்.

"ராகு காலம் பாத்துத்தான் கல்லு ஊறணுமுங்களா அம்மணி?" என்று டாக்டர் சார் சிரிப்பார்.

அவர் சிரிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்த் தமிழில் ஒருத்தரை மரியாதையாகவே கொன்றுவிடலாம். சார் அதில் கெட்டிக்காரர். ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை, ஒருத்தரையும் 'ங்க' போடாமல் கூப்பிட்டதில்லை. காலையில் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு வருவார், டொலுவின் வாசம் ஆகாது. எதையும் தொடமாட்டார். கல்லிலிருந்து வெளியே வருவதைப் பிடிக்கிற ஒவ்வொரு கண்ணாடிக் குழாய்க்கும் முன்னால் நின்று, "எவ்வளவுங்க?" என்பார். நான் குழாயில் எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் நடுவே இருக்கிற கோட்டைப் பார்த்து எண்ணைச் சொல்வேன். எண் கம்மியாக இருந்தால், "மறுபடியும் பாருங்க அம்மணி" என்பார். பார்ப்பேன். "கண்ணாடி போட்டுட்டுப் பாருங்க." பார்ப்பேன். "வெளிச்சத்துல பாருங்க." எண் கூடுதலாக இருந்தால் ஒருதரம் பார்த்தால் போதும், என் கண்ணைப்போல் கண் கிடையாது.

கெட்டி எண்ணெய் தண்ணீரோடு வரும்போது நடுவில் மோர் மாதிரி ஒரு பழுப்பு வரும். பாதி எண்ணெய், பாதி தண்ணீர். சூடு காட்டிப் பிரித்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். சாருக்கு அந்தப் பொறுமை கிடையாது. வைத்தியம் அவருடையதாக இருந்தால் பழுப்பு எண்ணெயில் சேரும். அடுத்தவருடையதாக இருந்தால் தண்ணீரில் சேரும்.

அவரிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. பதிவேட்டில் கையெழுத்துப் போடமாட்டார். லேப் கெமிஸ்ட்தான் போட வேண்டும். அதன் அர்த்தம் எனக்கு முருகேசன் விஷயத்தில் புரிந்தது.

முருகேசன் அப்போது கெமிஸ்ட். அந்த வருஷம் பாலைவனத்துக் கல் வரத் தாமதமாயிற்று. சாருக்கு ஒரு யோசனை. "சுண்ணாம்புக் கல்லுக்காக ஏனுங்க கப்பலைப் பாத்துட்டுக் கெடக்கணும்? மதுக்கரையில மலையே கெடக்குதே!" ஆள் அனுப்பி ஒரு பாறாங்கல்லைக் கொண்டுவந்து, குடைந்து, உருளை எடுத்தாயிற்று.

முருகேசன் அதைக் கையில் வைத்துப் பார்த்தார். "சார், இது தரைக்கல்லு மாதிரிக் கெட்டியா இருக்குதுங்க. உள்ளே ஓட்டையே இல்லீங்க. எண்ணெய் எதுல போய் உக்காரும்?"

"ட்ரை பண்ணாமச் சொல்லக் கூடாதுங்க முருகேசன். இது சயின்ஸ்."

ரப்பர் உறையில் போட்டு, இரும்புக் குழலுக்குள் வைத்து, பம்பைப் போட்டோம். அழுத்தம் காட்டுகிற முள் ஏறிற்று. அந்தப் பக்கம் ஒரு சொட்டு வரவில்லை. "இன்னுங் கொஞ்சம்" என்றார் சார். முள் ஏறிற்று. "இன்னுங் கொஞ்சம்." முருகேசன் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். உறை கிழிந்து எண்ணெய் கூரைக்கு அடித்தது. கூரையிலிருந்து சாரின் வெள்ளைச் சட்டைக்கு இறங்கிற்று. இருபத்தைந்து வருஷத்தில் அவர் எண்ணெயைத் தொட்டது அந்த ஒருதரம்தான், அதுவும் எண்ணெய்தான் வந்து தொட்டது.

அடுத்த வாரம் முதலாளி விசாரித்தார். பதிவேட்டைப் புரட்டினார்கள். அழுத்தத்தை ஏற்றியது யார் என்ற கட்டத்தில் முருகேசன் கையெழுத்து. "பாவம், நல்ல பையனுங்க. அவசரக்காரர்" என்றார் சார். முருகேசன் இப்போது திருப்பூரில் சாயப்பட்டறையில் இருக்கிறார். அன்றைக்கு 'சார்தான் ஏற்றச் சொன்னார்' என்று நான் சொல்லியிருக்கலாம். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனா என்பது எனக்கே தெரியாது.

முருகேசனுக்கு அடுத்து கெமிஸ்ட்டாக வந்தவள் ஜெஸிந்தா. வால்பாறைப் பெண், அம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். கான்வென்ட் ஹாஸ்டலில் தங்கிப் படித்து வந்தவள். கான்ட்ராக்ட் வேலை, வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். எதையும் ரெண்டுதரம் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவாள். ஊறல் நாள் கட்டத்தில் மட்டும் ஒரே பார்வை. டப்பாவில் நான் கட்டின தாளைப் பார்ப்பாள், நாளை எண்ணுவாள், எழுதுவாள். தாளைப் பதிவேட்டிலேயே ஒட்டியும் வைப்பாள்.

"ஏன் கண்ணு, கல்லைத் தொட்டுப் பாக்க மாட்டியா?" என்று ஒருதரம் கேட்டேன்.

"நீங்க கட்டின தாளு இருக்குதே அக்கா" என்றாள்.

எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை அன்றைக்கு.

நான் ஓய்வு பெறுவதற்கு நாலு வருஷம் முன்னால் சார் சொந்தமாக ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். ஒரு வகை சோப்புத் தண்ணீர். அதற்கு அரை மைல் நீளத்துக்கு ஒரு பேர். நாங்கள் டாக்டர் சோப்பு என்போம். வெந்நீரில் கலந்து தள்ளினால் சுண்ணாம்புக் கல் எண்ணெயை விட்டுவிடுமாம். எண்ணெய்க் கம்பெனி ஒன்று ஆர்வம் காட்டிற்று. மூணு கல்லில் செய்து காட்டுங்கள், நன்றாக வந்தால் எங்கள் கிணற்றிலேயே இறக்கிப் பார்க்கிறோம் என்றார்கள். அப்படி இறக்கிவிட்டு ஒன்றும் வரவில்லை என்றால் பதிவேட்டைப் புரட்டுவார்கள் என்பது கொட்டகையில் எல்லோருக்கும் தெரியும்.

அந்த நேரம் பார்த்து ஜெஸிந்தாவின் அம்மா தேயிலைச் சரிவில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டார். அவள் மூணு வாரம் லீவில் மலைக்குப் போனாள். அவள் போன மறுநாளே கம்பெனிக்காரர்கள் தேதியை முன்னால் இழுத்துவிட்டார்கள்.

"ஊறப்போட நேரமில்லீங்க அம்மணி. ரெண்டு ரெண்டு நாள் வெச்சா போதும்" என்றார் சார்.

நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

"கல்லுக்கென்ன, காலண்டரா தெரியும்?" என்று அவரே சொல்லிச் சிரித்துக்கொண்டார்.

கடைக் கல்லில் என்ன நடக்கும் என்று மேலே எழுதிவிட்டேன். அதேதான் நடந்தது. முதல் கல்லில் பாதிக்கும் மேலே எண்ணெய் கொட்டிற்று. ரெண்டாவதில் அதற்கும் மேலே. சோப்புப் போடாமல் பச்சைத் தண்ணீரைத் தள்ளியிருந்தாலும் அதில் முக்கால்வாசி வந்திருக்கும். சார் எல்லோருக்கும் ஜிலேபி வாங்கித் தந்தார். ரெண்டு கல்லுக்கும் ஊறல் நாள் கட்டத்தில் அவரே முப்பது என்று எழுதினார். பக்கத்தில் கையெழுத்துக் கட்டத்தைக் காலியாக விட்டார், அது ஜெஸிந்தாவுக்கு. மூணாவது கல்லைச் சனிக்கிழமை மத்தியானம் ஊறப்போட்டு, சனிக்கிழமைத் தாளைக் கட்டினேன். வந்தவர்கள் முன்னால் அதை ஓட்டிக் காட்டுவதாக ஏற்பாடு. அவர்கள் வருவது செவ்வாய்க்கிழமை.

திங்கட்கிழமை சாயங்காலம் நான் கிளம்பும்போது சார் கூப்பிட்டார்.

"அம்மணி, அந்தத் தாளைக் கொஞ்சம் சரி பண்ணிப்போடுங்க."

"எந்தத் தாளுங்க?"

"டப்பாவுல கட்டியிருக்கறீங்களே, அதுதான். நாளைக்கு முப்பது நாள் ஆகற மாதிரிப் பழைய தாளாக் கட்டிடுங்க. ஜெஸிந்தா காலையில வந்துருவாங்க. அவங்க பாட்டுக்குப் பாத்து எழுதிட்டுப் போகட்டும். எதுக்குங்க அந்தப் புள்ளையைச் சங்கடப்படுத்தறது?"

நான் பேசாமல் நின்றேன். நான் பேசாமல் நின்றால் சரி என்று அர்த்தம் என்பது அவருக்கு இருபது வருஷப் பழக்கம். அந்தப் பழக்கத்தைக் கொடுத்தவள் நான்தான்.

அவர் போனதும் கம்பியைப் பார்த்தேன். பழைய தாள்கள் இருந்தன. கட்டினால் அரை நிமிஷ வேலை. ஓவனில் எப்போதும் பத்துப் பன்னிரண்டு டப்பா கிடக்கும், லீவுக்குப் போகும்முன் எது உள்ளே இருந்தது என்று ஜெஸிந்தாவுக்கு நினைவிருக்காது. அவள் கல்லைப் பார்க்கமாட்டாள், தாளைத்தான் பார்ப்பாள். முருகேசனாவது அழுத்தத்தை ஏற்றினது தன் கை என்று தெரிந்து கையெழுத்துப் போட்டார். இவள் ஒன்றுமே தெரியாமல் போடுவாள். அதுவும் என்னை நம்பி.

சனிக்கிழமைத் தாளை அப்படியே விட்டுவிட்டு பஸ் ஏறினேன். என்னுடைய வீரமெல்லாம் அவ்வளவுதான். ஒரு காரியத்தைச் செய்யாமல் போவது எனக்குக் கைவந்த கலை.

செவ்வாய்க்கிழமை காலையில் வந்து பார்த்தால் டப்பாவில் வேறு தாள் கட்டியிருக்கிறது. சாரே கட்டியிருக்கிறார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வேலையைத் தன் கையால் செய்திருக்கிறார். அதனால்தான் தப்பாகச் செய்திருக்கிறார். செவ்வாயிலிருந்து சரியாக முப்பது நாள் பின்னால் எண்ணியிருக்கிறார். அது ஞாயிற்றுக்கிழமை. தாள் சிவப்பு. ஞாயிற்றுக்கிழமை லேப் பூட்டிக் கிடக்கும் என்பது வாட்ச்மேன் நாய்க்குக்கூடத் தெரியும்.

ஜெஸிந்தா மலைப் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்தாள். நாற்பது வளைவு சுற்றி வந்த முகம். கையில் பை. நான் அவளிடம் ஓடினேன். அதற்குள் சார் வந்துவிட்டார்.

"வாங்க ஜெஸிந்தா. அம்மா எப்படி இருக்காங்க?"

"கால் இன்னும் கட்டுலதான் சார். எந்திரிச்சு நடக்க—"

"ரொம்பச் சந்தோசமுங்க. கோட்டைப் போட்டுட்டு வாங்க. மூணே மூணு கையெழுத்து."

கம்பெனிக்காரர்களும் வந்துவிட்டார்கள். மூணு பேர். ரெண்டு பேருக்குத் தமிழ் தெரியாது. மூணாவது ஒரு அம்மா, தமிழ்க்காரர். சுருக்கமான பேச்சு, கூர்மையான பார்வை. சார் இங்கிலீஷில் நீளமாகப் பேசினார். முதல் ரெண்டு கல்லின் குழாய்களைத் தூக்கிக் காட்டச் சொன்னார். காட்டினேன். பழுப்பும் எண்ணெயுமாகச் சேர்த்துக் கருப்பாக, பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மேஜைமேல் பதிவேடு விரித்திருந்தது. ஜெஸிந்தா பேனாவைத் திறந்தாள். வழக்கம்போலத் திரும்பி டப்பாவைப் பார்த்தாள். புருவத்தைச் சுருக்கினாள்.

"ஏனுங்க்கா, ஞாயித்துக்கிழமை வந்தா கல்லு போட்டீங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பதில் சொல்வதற்குள், சொல்லியிருக்கமாட்டேன் என்பது வேறு விஷயம், சார் முந்திக்கொண்டார்.

"எங்க மாராத்தாளம்மாவுக்கு ஞாயிறு, நோம்பி ஒண்ணுமே கெடையாதுங்க. கல்லுன்னா உசுரு. லீவு நாள்லயும் வந்து வேலை பாப்பாங்க. இப்படிப்பட்டவங்களாலதான் இந்த லேப்பே நிக்குது." அதையே இங்கிலீஷிலும் சொன்னார். அப்புறம், "ஒரு கைதட்டு குடுத்துருங்க" என்றார்.

தட்டினார்கள். நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த பிறகு எனக்கு விழுந்த முதல் கைதட்டு. தமிழ் தெரியாத ரெண்டு பேரும் சிரித்துக்கொண்டே தட்டினார்கள். ஜெஸிந்தாவும் தட்டினாள். அப்புறம் குனிந்து முதல் பக்கத்தில் பேனாவை வைத்தாள்.

"நான் வரலீங்க" என்றேன்.

யாருடைய குரல் என்று நானே தேடினேன்.

அந்தத் தமிழ்க்கார அம்மா, "என்னங்கம்மா?" என்றார்.

"ஞாயித்துக்கிழமை நான் வரலீங்க. அன்னைக்கு எங்க தெரு மாரியம்மன் கோயில்ல பொங்க வெச்சிட்டிருந்தேனுங்க. இந்தக் கல்லை இப்பப் போன சனிக்கிழமைதான் போட்டேன்."

"மத்த ரெண்டும்?"

"அதுவும் ரெண்டு ரெண்டு நாள்தானுங்க."

ஜெஸிந்தா பேனாவை மூடினாள். டொக் என்று ஒரு சத்தம். அந்தக் கொட்டகையில் பம்பு ஓடும் சத்தத்துக்கு நடுவிலும் அது கேட்டது.

சார் சிரித்தார். "வயசாச்சுங்க. நாளெல்லாம் மறந்துபோகுது பாவம்."

"இருக்கலாம் சார்" என்றார் அந்த அம்மா. "கல்லுக்கு மறக்காதில்லீங்களா? சில்லு போட்டு வெச்சிருக்கீங்களா?"

கல்லை அறுக்கும்போது மிஞ்சுகிற சில்லு ஒன்றையும் அதே டப்பாவில் போட்டு ஊறவைப்பது என் வழக்கம். எடுத்து, மேலே இருந்த எண்ணெயை அலசி, தட்டில் வைத்துக் கொடுத்தேன். அவர் சில்லின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். ஆறு தலைகள் குனிந்தன. முத்தாக நிற்க வேண்டிய சொட்டு, பாயை விரித்துப் படுக்கிற மாதிரி அப்படியே பரவிற்று.

சாரும் பார்த்தார். நிமிர்ந்தார். கைக்குட்டையை எடுத்தார். "நான் சொல்ல வந்ததே இதுதானுங்க. ஊறல் பத்தாதுன்னு எனக்கே ஒரு சந்தேகம்" என்றார். அந்த மனிதரை அந்த ஒரு விஷயத்தில் நான் இன்றைக்கும் வியக்கிறேன். கிணற்றில் விழுந்தாலும் குளிக்கத்தான் இறங்கினேன் என்பார்.

மூணு கல்லையும் கழுவி, முப்பது நாள் நிஜமாக ஊறப்போட்டு மறுபடி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுக் கம்பெனிக்காரர்கள் கிளம்பினார்கள். போகும்போது அந்தத் தமிழ்க்கார அம்மா ஜெஸிந்தாவைக் காட்டி, "கையெழுத்து இவங்களுதுதான் இருக்கணும்" என்று சாரிடம் சொல்லிவிட்டுப் போனார். அதனால் அந்த வருஷம் அவள் கான்ட்ராக்ட்டில் யாராலும் கைவைக்க முடியவில்லை. முடிந்திருந்தால் சார் வைத்திருப்பார், 'ங்க' போட்டே.

மறுபடி செய்தோம். டாக்டர் சோப்பு, வெறும் வெந்நீரைவிடத் துளி கூடுதலாகக் கொடுத்தது. துளி என்றால் துளிதான். ஜெஸிந்தா அந்தத் துளியை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சோப்பு எந்தக் கிணற்றுக்கும் போகவில்லை, டிரம்மில் மிச்சமிருந்ததை வைத்துக் கொட்டகையைக் கழுவிவிட்டேன், தரை நன்றாகவே பளபளத்தது. சார் இப்போது ஊர் ஊராகப் போய், சுண்ணாம்புக் கல்லை ஊறவைப்பதில் அவசரப்படக் கூடாது என்று சொற்பொழிவு ஆற்றுகிறாராம். நித்யா, அவர் உங்கள் லேப்புக்கு வந்தால் நான் சொன்னதாகச் சொல்லாதே. இல்லை, சொல்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நடந்ததை விட்டுவிட்டேன். சார் என்னை அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். அதுவும் முதல்முறை. நான் உட்காரவில்லை.

"எங்கிட்டத் தனியா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அம்மணி. நான் என்ன, கடிச்சாத் தின்னுபோடுவேன்?"

தாளை மாற்றிக் கட்டினவரிடம் தாள் மாறியிருக்கிறது என்று தனியாகச் சொல்வது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

"இத்தனை வருசமா வாயே தொறக்காதவங்க, அத்தனை பேருக்கு முன்னால எப்படிங்க பேசுனீங்க?" அவர் குரலில் நிஜமாகவே ஆச்சரியம்தான் இருந்தது.

"ஏசியிருந்தீங்கன்னா பேசாமத்தான் நின்னிருப்பேனுங்க" என்றேன். "கைதட்டச் சொல்லிப்போட்டீங்களே."

அவர் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். "சரிங்க, போங்க" என்றார்.

வெளியே ஜெஸிந்தா வீட்டுக்குக் கிளம்பாமல் பதிவேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அழுதிருப்பாள் என்று நினைத்தேன், சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இங்க பாருங்க."

முதல் கல்லின் பக்கம். முப்பது என்று சார் எழுதின எண்ணுக்குப் பக்கத்தில், கையெழுத்துக் கட்டத்தில், அவள் பேரின் முதல் எழுத்து இருந்தது. இங்கிலீஷ் எழுத்து, தூண்டில் முள் மாதிரி வளைந்து. அடுத்த எழுத்துக்குப் பேனா நகர்வதற்குள் நான் வாயைத் திறந்திருக்கிறேன்.

"அழிச்சுப்போடு கண்ணு" என்றேன்.

"பதிவேட்டுல அழிக்கக் கூடாதுங்க்கா. லேப் சட்டம்."

அதனால் அழிக்கவில்லை. அந்த ஒற்றை எழுத்து இன்றைக்கும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது, பேராக ஆகாமல்.